பதினொன்றாம் மேசை, பெண்கள்

சீட்டில் இரண்டு படுக்கைக் கோடுகள்.
ஒன்றின் தலைமேல் ஆம்.
மற்றதன் தலைமேல் இல்லை.
வேண்டியதன் குறுக்கே பென்சிலால் ஒரு நிற்கும் கோடு.
படிக்காதவர்களுக்கும் கை வரும்,
ஓலைப்பாயில் ஒரு குச்சியைச் செருகுவதுபோல.

சிலோயே தீவில் அக்டோபர் ஐந்து.
எங்களுக்கு அது மழையே அல்ல,
காற்று கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான்.
பள்ளிக்கூட வாசலில் நின்ற சிப்பாய்க்குத்தான் மழை.
வடக்குப் பாலைவனத்துப் பையன்.
துப்பாக்கியைவிட
தன் பூட்ஸைப் பற்றித்தான் கவலைப்பட்டான்.

நான் ஒட்டிலியா கார்காமோ.
சிப்பி ஆலையில் ஓடு பிளப்பவள்.
குலுக்கலில் பெயர் விழுந்ததால் மேசைக்குத் தலைவி.
விரலெல்லாம் உப்புப் புண், அதன்மேல் மை.
நாள் முழுக்க எரிந்தது.

விளக்கு ஏற்றியபின் பெட்டியைக் கவிழ்த்தோம்.
ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படிக்க வேண்டும், அது சட்டம்.
பதினைந்து வருடமாக
சமையலறையில்கூட உரக்கப் பேசாத தொண்டை.
முதல் சீட்டு ஆம்.
இரண்டாவதும் ஆம்.
மூன்றாவதை விரித்துச் சொன்னேன்.
"கேட்கல" என்றாள் கணக்கெழுதிய பிரிமிட்டிவா.
"இல்லை."
"இன்னும் கொஞ்சம் சத்தமா."
"இல்லை!"
சிப்பாய் திரும்பிப் பார்த்தான்.
கூரை அப்படியே இருந்தது.

ஒரு கோடு மீன்முள் போல மெலிந்து,
விளக்கருகே பிடித்தால்தான் தெரிந்தது.
ஒன்று தாளைக் கிழித்துக்கொண்டு
பின்பக்கம் போயிருந்தது.
ஒரு சீட்டில் உருளைக்கிழங்கு மண்ணோடு பெருவிரல் ரேகை.
இரண்டு தரப்பு முகவர்களும் அதை முறைத்தார்கள்.
மண் வாக்கைக் கெடுக்காது என்றேன்.
எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள்.
எனக்குத் தெரியாது. எண்ணிவிட்டோம்.

நூற்றித் தொண்ணூறைத் தாண்டி எங்கோ
கோடே இல்லாத ஒரு சீட்டு.
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே ஒரு பெயர்:
ரோசமெல் பாரியா.
ஒரு எழுத்து மட்டும்
கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக் கிடந்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
ஆலையில் என் எதிர்ப்பலகை, டோமிட்டிலா.
சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பவள்.
முகாம் வாசல்களில் மனு நீட்டுவதற்காக
ஒரே ஒரு பெயரை எழுதக் கற்றவள்.
முதல் முகாமில், அப்படி ஒருவர் இங்கே இல்லை.
துறைமுக அலுவலகத்தில், பதிவேட்டில் இல்லை.
தலைநகரிலிருந்து முத்திரையோடு ஒரு கடிதம்:
அந்தப் பெயரில் யாருமே இல்லை.

ஊர் முழுக்க ரகசியமாக
'இல்லை'க்குப் போடு, 'இல்லை'க்குப் போடு என்றோம்.
நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன், ஓடு பிளந்துகொண்டே.
அவள் தலையாட்டினாள்.
மறைப்புத் துணிக்குப் பின்னால்
தனியாக நின்றபோதுதான் பார்த்திருப்பாள்,
எந்தச் சொல்லின் மேல் கோடு போடச் சொல்கிறோம் என்று.

"செல்லாது" என்றேன்.
உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் மேசையில் ஆம் நூற்று நாற்பத்தொன்று,
இல்லை நூற்று முப்பத்திரண்டு.
கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்து,
இருட்டில் சேறு மிதித்து வீட்டுக்குப் போனேன்.
தோற்றுவிட்டோம் என்று படுத்தேன்.
விடியுமுன் பக்கத்து வீட்டு வானொலி அலறியது.
நாடு திரும்பிவிட்டதாம்.
எங்கள் மேசையைத் தாண்டி, எங்கெங்கோ.
சதுக்கத்தில் யாரோ படகின் சங்கை ஊதினார்கள்.
முறைத்த முகவர்களில் ஒருவன்
உள்ளாடையோடு தெருவில் நின்று அழுதான்.
எந்தத் தரப்பு என்று இப்போது நினைவில்லை.

ஆலைக்கு யாரும் விடுமுறை விடவில்லை.
எட்டு மணிக்குச் சிப்பி வந்தது.
டோமிட்டிலா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.
ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் நிமிராமல் கேட்டாள்:

"எழுத்து புரியும்படி இருந்ததா?"

இருந்தது என்றேன்.